லங்காட் ஆற்றுமுகம்: ஆழத்தை நாமே அளந்து வரைபடத்தில் ஏற்றலாமா?

லங்காட்பையன் · ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் பந்திங் பக்கம் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். மாமாவும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கிய 16 அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. வாரக் கடைசியில் லங்காட் ஆற்றுமுகம் வரை போவோம், கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் காற்று.

போன மாதம் ஆற்றுமுகத்துக்கு வெளியே சேற்றில் ஏறி நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். கருவியில் இருந்த வரைபடம் அந்த இடத்தில் தாராளமாகத் தண்ணீர் இருப்பதாகக் காட்டியது. மாமா அன்று வரைபடக்காரனைத் திட்டிய திட்டை இங்கே எழுதினால் என் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

அப்புறம் வீட்டில் தேடிப் படித்தேன். 2017-இல் தொடங்கிய சீபெட் 2030 திட்டம், உலகக் கடல்தரை முழுவதையும் 2030-க்குள் வரைய வேண்டும் என்கிறது. 2025 ஜூனில் முடிந்திருந்தது 27.3 விழுக்காடு. மீன்பிடிப் படகு, பாய்மரப் படகு என்று யாருடைய கருவி அளந்த ஆழத்தையும் வாங்கிக்கொள்கிறார்களாம். ஓப்பன்சீமேப் என்று தன்னார்வலர்களின் கடல் வரைபடமும் உண்டு. சரி, நம்மிடமும் மீன் காட்டும் சோனார் இருக்கிறதே என்று இன்று ஒரே பாதையில் மூன்று முறை போய்ப் பதிவு செய்தேன்.

பாதையில் ஒரு மரக்கம்பம் நிற்கிறது. அதன் பக்கத்தில் மட்டும் சொல்கிறேன்:
காலை 7:30: 5.9 மீட்டர்
காலை 10:00: 3.9 மீட்டர்
பகல் 12:30: 2.3 மீட்டர்

ஒரே கம்பம், ஒரே கருவி. எதை ஏற்றுவது?

தூண்டில்ராஜா · ஞாயிறு, இரவு 9:58

தம்பி, எதையுமே ஏற்றாதீர்கள். நான் முப்பது வருடமாகத் தேடி வைத்திருக்கும் லுபோக் ஒவ்வொன்றும் பள்ளம்தான். பள்ளம் எங்கே என்று உலகத்துக்குக் காட்டினால் அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து நாற்பது படகு வந்து நிற்கும். சியாகாப் மீன் நமக்கு இல்லை.

வரைபடக்கிறுக்கி · ஞாயிறு, இரவு 10:15

தம்பி, கருவி சரியாகத்தான் இருக்கிறது. மாறியது தண்ணீர். இன்று அமாவாசை. கிள்ளான் பக்கம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் நான்கு மீட்டரை ஒட்டி வரும். நீங்கள் காலையில் ஏற்றம் இறங்கத் தொடங்கியபோது கிளம்பி, வற்றிய பிறகு முடித்திருக்கிறீர்கள்.

கடல் வரைபடத்தில் போடும் ஆழம் நீங்கள் பார்த்த அன்றைய ஆழம் அல்ல. நிலவும் சூரியனும் சேர்ந்து தண்ணீரை எவ்வளவு தாழ இழுக்க முடியுமோ அந்த மட்டத்தைச் சுழியமாக வைத்து, அதற்குக் கீழே எவ்வளவு என்று போடுவார்கள். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: கருவி காட்டிய ஆழம், அதோடு சோனார்க் கண் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதைக் கூட்டுங்கள், அந்த நேரத்து ஓத உயரத்தை, அதாவது அந்தச் சுழியத்துக்கு மேலே தண்ணீர் நின்ற உயரத்தை, கழியுங்கள். கண் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது?

நான் நில அளவை படித்தவள், வேலை ஷா ஆலாமில், வீடு பந்திங். கடல் அளவை ஸ்கூடாயில் படித்தபோது ஒரு பாடம்தான். தவறு இருந்தால் யாராவது திருத்துங்கள்.

லங்காட்பையன் · ஞாயிறு, இரவு 10:52

நன்றி அக்கா. கண் 30 சென்டிமீட்டர் கீழே. கடற்படையின் ஓத அட்டவணையில் கிள்ளான் துறைமுகத்துக்குப் பார்த்தேன். மணிக்கு மணி கணக்குப் போட்டால் 7:30-க்கு 4.3, 10:00-க்கு 2.0, 12:30-க்கு 0.9.

கழித்தால் 1.9, 2.2, 1.7.

முன்பு 3.6 மீட்டர் வித்தியாசம், இப்போது அரை மீட்டர். ஆனால் அந்த அரை மீட்டர்தானே என்னை நான்கு மணி நேரம் உட்கார வைத்தது?

கப்பல்காரன் · திங்கள், காலை 6:20

எண்ணெய்க் கப்பலில் பன்னிரண்டு வருடம் இருந்தவன், இப்போது கரையில். சில வார்த்தை.

முதலில், உங்கள் மாமா வரைபடக்காரனைத் திட்டியது பாதி நியாயம். கடல் வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் நம்பகத்தர வரிசை ஒன்று உண்டு. மேல் வரிசையில் இருந்தால் ஆழம் அரை மீட்டர் சுற்றில் சரியாக இருக்கும். கீழே போகப் போக இரண்டு மீட்டர் கூடக் குறையலாம், இடமே 500 மீட்டர் தள்ளியும் இருக்கலாம். கப்பல் பாதையைத் திரும்பத் திரும்ப அளப்பார்கள். கப்பல் வராத சேற்று முகத்தை அடிக்கடி அளக்க யாருக்கும் அவசரம் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் கலர் திரையை நம்பியது மாமாவின் பாதித் தப்பு.

கிள்ளானுக்கு வெளியே பெர்மாத்தாங் செடெப்பா கலங்கரை விளக்கம் இருக்கிறதே, பெயரின் பொருள் தெரியுமா? செடெப்பா என்றால் ஒரு பாகம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம், ஆறடி. நம் ஊர் மீன்காரர்களும் கயிற்றைக் கையில் விரித்துத்தான் பாகம் எண்ணுவார்கள். யாரோ கயிறு விட்டு அளந்து, ஒரு பாகம்தான் இருக்கிறது, ஜாக்கிரதை என்று பெயராகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் இன்று பெரிய கப்பல்கள் போகும்போது அடிப்பகுதிக்குக் கீழே குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும் என்று விதி. 1975 ஜனவரியில் ஷோவா மாரு என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. அதற்குப் பிறகுதான் நீரிணையில் போகிற பாதை, வருகிற பாதை என்று பிரித்து ஒழுங்கு செய்தார்கள்.

இரண்டாவது, உங்கள் அளவை யாரும் கப்பல் ஓட்டப் பயன்படுத்த மாட்டார்கள், பயன்படுத்தவும் கூடாது. பயந்துவிடாதீர்கள், வேறு பயன் இருக்கிறது. இரண்டு பேர் இரண்டு வருட இடைவெளியில் அளந்து, சேற்றுத் திட்டு தள்ளிப் போயிருக்கிறது என்று காட்டினால், முறையாக அளக்க வேண்டிய இடம் எது என்று அதிகாரிகளுக்குத் தெரியும். அதுவே பெரிய உதவி.

தூண்டில்ராஜா · திங்கள், காலை 7:05

கப்பல்காரரே, உங்களுக்குக் கலங்கரை விளக்கம், எனக்கு லுபோக். என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மோரிப்டீச்சர் · திங்கள், மாலை 4:30

ராஜா அண்ணே, கோபப்படாதீர்கள். அந்த 27.3 விழுக்காட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்தால் உங்கள் லுபோக்குக்கு ஆபத்து இல்லை என்று தோன்றுகிறது.

ஆழம் 1,500 மீட்டர் வரை உள்ள கடலில் 100 மீட்டருக்கு 100 மீட்டர் கட்டம் போடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் உண்மையாக அளந்த ஆழம் ஒன்று இருந்தால்கூடக் கட்டம் நிறைந்ததாகக் கணக்கு. நம் கணக்கில் அது ஒரு ஹெக்டர். தோட்டத்தில் ஒரு ஹெக்டருக்குச் சுமார் 136 செம்பனை மரம் நிற்கும். ஒரு மரத்தின் உயரத்தை அளந்துவிட்டு அந்த ஹெக்டர் முடிந்தது என்று எழுதுவது மாதிரி. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே நீங்கள் ஒளித்து வைத்திருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆழ்கடலில் கட்டம் இன்னும் பெரிது, 800 மீட்டர் வரை போகிறது. அப்படித் தாராளமாக எண்ணியும் வரைந்து முடித்தது இன்னும் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. என் மாணவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், கைப்பேசியில் எல்லாம் நீலமாக முழுசாகத் தெரிகிறதே டீச்சர் என்கிறார்கள். எம்எச்370 விமானம் காணாமல் போன 2014-இல்தான் நமக்கே இது உறைத்தது. தேடுவதற்கு முன்னால் தேடும் இடத்தின் தரை எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. முதலில் தரையை வரைந்தார்கள், சுமார் 279,000 சதுர கிலோமீட்டர். அந்தத் தரவை 2017-இல் ஆஸ்திரேலியா எல்லாருக்கும் திறந்துவிட்டது. விமானம் கிடைக்கவில்லை, எரிமலைகளும் பள்ளத்தாக்குகளும் கிடைத்தன. அந்தப் படங்களைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அழகாக இருந்ததே ஒரு மாதிரி சங்கடமாக இருந்தது.

பழையகிராணி · திங்கள், இரவு 8:10

எனக்கு வயது 74. தோட்டத்தில் 36 வருடம் கிராணி (கணக்கர்) வேலை. பேரன் இந்த இழையைப் படித்துக் காட்டினான், நானே தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோரிப் சேற்றைப் பற்றிப் பேச வந்தால் 1945-ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த வருடம் செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்பு மோரிப், கெலானாங் கடற்கரையில் படையை இறக்கியது. இறங்கியவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள், 25-ஆம் இந்திய டிவிஷன். ஜூன் மாதமே நீர்மூழ்கியில் ஆள் அனுப்பி, இரவில் சிறு படகில் கரைக்கு வந்து மணலைச் சோதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியும் கணக்குத் தப்பியது. மேலே மணல், கீழே சேறு. லாரியும் ஜீப்பும் இறங்கின இடத்திலேயே புதைந்தன. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் சுடுவதற்கு ஆள் இல்லை, தப்பித்தார்கள். என் அப்பா அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பையன். சீக்கிய டிரைவர் ஒருவர் லாரிக் கூரையில் உட்கார்ந்து ஏற்றம் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் சாகும்வரை சிரித்துச் சிரித்துச் சொல்வார். சேறு அன்றும் அப்படித்தான், லங்காட்பையன் தம்பி, உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் அரை மீட்டருக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் பார்த்தது கிள்ளான் அட்டவணை. தண்ணீர் நம் இடத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கும்.

எங்கள் தோட்டம் கடலைவிடத் தாழ்வு. கேரித் தீவிலும் அப்படித்தான், சுற்றிலும் பண்டு (கரைமேடு) கட்டி, நடுவில் வாட்டர்கேட்டு வைத்திருப்பார்கள். வெளியே தண்ணீர் வற்றினால் கேட்டைத் திறந்து காண் (வடிகால்) தண்ணீரை வெளியே விட வேண்டும். ஏறத் தொடங்கினால் அடைக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து செம்பனை ஓலை காய்ந்துவிடும். அதனால் கேட்டில் அடிக்கணக்குப் போட்ட மரக்கோல் ஒன்று நிற்கும், கேட்டுக்காரர் நேரத்தையும் அடியையும் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார், நான் புத்தகத்தில் ஏற்றுவேன். ஆபீசில் கிள்ளான் அட்டவணை சுவரில் தொங்கும். கிள்ளானில் ஏற்றம் 6 மணி என்றால் எங்கள் கேட்டில் 6:40. பெருமழை பெய்து ஆறு பெருகினால் அதுவும் மாறும். இதைத் துரைக்குச் சொன்னவர் கேட்டுக்காரர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கோல் படிக்கத் தெரியும்.

நிர்வாகம் கைமாறியபோது பழைய கணக்கையெல்லாம் ஆபீசுக்குப் பின்னால் போட்டு எரித்தார்கள். கேட்டுப் புத்தகத்தில் இரண்டை நான் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று அன்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

வரைபடக்கிறுக்கி · திங்கள், இரவு 8:34

ஐயா!! அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். ஈரம் படாத இடத்தில். நான் சனிக்கிழமை வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா?

40 நிமிடத் தாமதத்தை வைத்துத் தம்பியின் கணக்கைத் திரும்பப் போட்டேன். ஓத உயரம் 7:30-க்கு 4.6, 10:00-க்கு 2.6, 12:30-க்கு 0.9. கழித்தால்:

1.6, 1.6, 1.7.

பத்து மணி அளவு மட்டும் ஏன் ரொம்பத் தப்பியது என்றும் புரிகிறது. தண்ணீர் உச்சியிலும் அடியிலும் சோம்பேறி, நடுவில்தான் ஓடும். நடு ஓதத்தில் 40 நிமிடம் தவறினால் அரை மீட்டருக்கு மேல் போய்விடும். ஏற்ற உச்சியில் அதே 40 நிமிடம் தவறினால் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான்.

லங்காட்பையன் · திங்கள், இரவு 8:41

ஐயா, ஆலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், கை நடுங்குகிறது. அந்தக் கேட்டு எங்கே என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நாங்கள் சின்ன வயதில் அங்கேதான் நண்டு பிடிப்போம்.

கப்பல்காரன் · செவ்வாய், காலை 5:50

அருமை. ஆனால் குதிக்கும் முன் ஒன்று. அந்தக் கோலின் சுழியம் எது?

வரைபடக்கிறுக்கி · செவ்வாய், காலை 8:15

அதுதான் பிரச்சினை. கொஞ்சம் விளக்குகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நிலத்து வரைபடத்தின் சுழியம் சராசரிக் கடல்மட்டம். தீபகற்ப மலேசியாவுக்கு அது கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பத்து வருடம் ஓதத்தை அளந்து எடுத்த சராசரி. சாலையோரத்தில் நில அளவைத் துறையின் பெஞ்ச்மார்க் கல் இருக்கிறதே, அதன் உயரம் இந்தச் சுழியத்திலிருந்து. கடல் வரைபடத்தின் சுழியம் அதைவிட மீட்டர் கணக்கில் தாழ்வு, மிகத் தாழ்ந்த வற்றத்து மட்டம். கரைக்காரனுக்கு ஒரு சுழியம், கடல்காரனுக்கு ஒரு சுழியம். தோட்டத்துக் கோல் இரண்டிலும் சேராது, யாரோ மேஸ்திரி கேட்டுப் படியிலிருந்து அடி எண்ணி அடித்திருப்பார்.

இதனால் என்ன ஆகிறது என்றால், மோரிப் மாதிரி இடத்தில் வற்றத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் சேறு தெரிகிறது பாருங்கள், அது இரண்டு வரைபடத்துக்கும் நடுவில் அனாதையாகக் கிடக்கிறது. நில அளவைக்காரன் பூட்ஸ் நனையும் இடத்தில் நிற்பான், கடல் அளவைக் கப்பல் தரைதட்டும் இடத்துக்கு முன்பே திரும்பிவிடும். தெளிந்த கடலில் செயற்கைக்கோள் படத்தின் நிறத்தை வைத்தே ஆழம் கணக்கிடுகிறார்கள், பெர்ஹெந்தியான் தீவு மாதிரி இடத்தில் அது நடக்கும். நம் கடல் தே தாரிக் (பால் தேநீர்) நிறம். அங்கே ஒளி இறங்காது.

நல்ல செய்தி: கோலைக் கல்லோடு கட்டிவிடலாம். லெவல் கருவி என் தோழியிடம் இரவல் வாங்கித் தருகிறேன். ஒரு நாள் வேலை.

தூண்டில்ராஜா · செவ்வாய், பகல் 1:20

சரி, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதையும் கேளுங்கள். எனக்குக் கோலாலம்பூர்க்காரன் பயம் பாதி, புக்காட் துண்டா (இழுவலை) பயம் மீதி. தரை வழவழப்பாக இருக்கும் இடம் தெரிந்தால் இழுவலைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு இழுப்பான். இப்போது அவன் எங்கே வலை கிழியும் என்று பயந்துதான் சில இடத்துக்கு வருவதில்லை. அந்தப் பயத்தையும் வரைபடம் போட்டு எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் திட்டுகளுக்கு நீங்கள் பாட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது. கேரித் தீவு மா மெரி பூர்வகுடி ஆட்கள் ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு பெயர் சொல்வார்கள். எனக்குப் பத்துப் பெயர் தெரியும், அவர்களில் பாக்சிக் (பெரியவர்) ஒருவர் சொல்லிக் கொடுத்தது. அது அவர்கள் சொத்து. அவர்களைக் கேட்காமல் ஏற்றினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

லங்காட்பையன் · செவ்வாய், பகல் 1:45

அண்ணே, இழுவலை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆற்றுமுகத்துச் சேற்றோடும் படகு போகும் வாய்க்காலோடும் நிறுத்திக்கொள்கிறேன், வெளியே போகவில்லை. பெயருக்கு நீங்களே பாக்சிக்கிடம் அழைத்துப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

கப்பல்காரன் · செவ்வாய், மாலை 6:10

நல்ல முடிவு. இன்னொரு கேட்கும் இடமும் இருக்கிறது. கரையோர நாட்டுக்குத் தன் கடலில் உரிமை உண்டு. 1921-இல் தொடங்கிய சர்வதேச ஹைட்ரோகிராஃபிக் அமைப்பு, பொதுமக்கள் அளந்து தரும் ஆழத்துக்கு என்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அந்த அளவெல்லாம் அமெரிக்காவில் கொலராடோவில் உள்ள தரவு மையத்தில் சேர்கிறது. ஆனால் எந்த நாடு சம்மதம் சொல்லவில்லையோ அந்த நாட்டுக் கடலின் அளவை வடிகட்டிவிட்டுத்தான் வெளியிடுவார்கள். அதனால் முதலில் நம் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் கடற்படையின் கீழ் இருக்கிறது, இடம் பூலாவ் இண்டா. இங்கிருந்து பார்த்தால் கேரித் தீவுக்கு அந்தப் பக்கம். ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வரும்வரை பதிவை உங்களிடமே வையுங்கள், அளப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன், கடிதம் போட்டுவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

மோரிப்டீச்சர் · செவ்வாய், இரவு 9:00

மலாய்க் கடிதம் நான் எழுதித் தருகிறேன். சுருக்கமாக, மரியாதையாக, ஒரு பக்கம்.

ஏற்ற அனுமதி தேவைப்படாத வேலை ஒன்றும் இருக்கிறது. யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நம் கரையைப் போய்ப் பாருங்கள். கரைக்கோடு பெரிய ஏற்றத்தின் எல்லையில் போக வேண்டும், கோடு போகும் திசைக்கு நிலம் இடப்பக்கம், தண்ணீர் வலப்பக்கம் என்பது அங்கே விதி. சில இடத்தில் யாரோ வற்றத்தில் எடுத்த படத்தைப் பார்த்துச் சேற்றுக்கு வெளியே கோடு போட்டு, சேற்றையெல்லாம் நிலமாக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்தால் வீட்டுமனை வாங்கலாம் போல இருக்கிறது. சேற்றுப் பரப்பு, சதுப்புக் காடு என்று தனித்தனிக் குறி இருக்கிறது. என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் போன தவணையில் பள்ளிக்குப் பக்கத்து அலையாத்தியைச் சரி செய்தார்கள். தோட்டத்து டிவிஷன்களின் தமிழ்ப் பெயர்களையும் ஏற்றலாம், லயங்கள் இடித்த இடத்துக்கு இப்போது டாமான் (புதுக் குடியிருப்பு) பெயர்தான் நிற்கிறது.

வரைபடக்கிறுக்கி · புதன், காலை 7:40

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். செயற்கைக்கோள் வெவ்வேறு ஓத நேரத்தில் எடுத்த படங்களில் தண்ணீர் விளிம்பு எங்கே நிற்கிறது என்று வரைந்தால், ஒவ்வொரு விளிம்பும் ஒரு சமவுயரக் கோடு. பத்துப் படம் இருந்தால் சேற்றின் சரிவே வந்துவிடும். கலங்கல் தண்ணீர் இதற்குத் தடை இல்லை. ஆனால் படம் எடுத்த நிமிடத்தில் தண்ணீர் என்ன உயரம் என்று தெரிய வேண்டும். மறுபடியும் கிராணி ஐயாவின் கோலுக்கே வந்து நிற்கிறோம்.

லங்காட்பையன் · ஞாயிறு, இரவு 7:30

இந்த வாரம் சின்ன ஓதம், தண்ணீர் சோம்பல். சோதனை மட்டும் செய்தோம். அக்கா சொன்னபடி, தட்டையான ஒன்றைச் சோனார்க் கண்ணுக்கு நேர் கீழே தெரிந்த ஆழத்தில் தொங்கவிட்டுக் கருவி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டையான இரும்புக்கு எங்கே போவது? அத்தையின் பழைய தோசைக்கல். காதில் சங்கிலி கட்டி 2 மீட்டரில் தொங்கவிட்டோம். கருவி 1.9 காட்டியது. திரையில் கோடு போலத் தெளிவாக விழுந்தது தோசைக்கல். அத்தைக்கு இன்னும் தெரியாது, யாரும் புலனத்தில் போடாதீர்கள்.

வேறொரு புதிரும் இருக்கிறது. ஆற்றுமுகத்தில் 200 கிலோஹெர்ட்சில் வைத்தால் ஓர் ஆழம், 50-க்கு மாற்றினால் 40 சென்டிமீட்டர் கூடுதல் ஆழம். கம்பத்துப் பக்கம் இரண்டும் ஒன்று.

கப்பல்காரன் · ஞாயிறு, இரவு 8:02

1.9 காட்டியது ஒலி வேகத்தால் இருக்கலாம். கருவிகள் பொதுவாக நொடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடும். நம் சூட்டுக் கடலில் ஒலி அதைவிட வேகமாக ஓடும், கருவி ஆழத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். சேற்று முகத்தில் அது சில சென்டிமீட்டர், விடுங்கள்.

40 சென்டிமீட்டர் விஷயம்தான் சுவையானது. 200-இன் கீச்சு ஒலி கஞ்சி மாதிரி இருக்கும் மேல்சேற்றிலேயே மோதித் திரும்பிவிடும். 50-இன் தடித்த ஒலி அதைத் துளைத்துக் கெட்டிச் சேறு வரை போகும். இரண்டுமே தரைதான். ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி, அடியில் சவர்க்காரத்தை அப்பிவிட்டு இறக்கிப் பாருங்கள். சவர்க்காரத்தில் ஒட்டி வருவது சேறா, மணலா, கிராங் சிப்பி ஓடா என்று தெரிந்துவிடும். முன்பு கப்பலில் கொழுப்பைத் தடவி இதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு அளவோடும் எந்த அலைவரிசை என்று மறக்காமல் எழுதி வையுங்கள்.

பழையகிராணி · ஞாயிறு, இரவு 8:45

மாமாவின் படகு உட்கார்ந்தது அந்தக் கஞ்சியில்தான். அதில் காலை வைத்தால் தொடை வரை போகும், துடுப்பை ஊன்ற முடியாது.

நேற்று வரைபடக்கிறுக்கி அம்மா வீட்டுக்கு வந்து புத்தகம் இரண்டையும் படம் எடுத்தார். ஒரு பக்கத்தில் கேட்டுக்காரரின் பெருவிரல் ரேகை இருக்கிறது, மை இன்னும் நீலமாகவே இருக்கிறது.

நான் இன்று காலை கேட்டுப் பக்கம் நடந்து போனேன். கேட்டு இப்போது இரும்பு, கோல் மட்டும் பழைய மரம், நண்டு ஓடு ஒட்டிப் பாதி எண் அழிந்திருக்கிறது. இப்போது பார்ப்பவர் இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்த தம்பி. புத்தகம் எழுதுவது நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறதாம், கேட்டு தானே திறந்து தானே மூடிக்கொள்கிறது. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். மழை நாளில் தண்ணீர் எந்த எண்ணில் நின்றால் தன் அறைக்குள் வரும் என்று கோலில் அவரும் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார், காட்டினார். அட்டவணையில் 5 மீட்டரைத் தாண்டும் நாளில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தூங்குவாராம்.

தோட்ட மேலாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கோலுக்குச் சாயம் பூசிக்கொள்ளலாம், கேட்டைத் தொடக் கூடாது என்றார்.

தூண்டில்ராஜா · ஞாயிறு, இரவு 9:10

ஏணி என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டு வருகிறேன். தூண்டிலும் வரும், அதைக் கேட்கக் கூடாது.

பாக்சிக்கைப் பார்த்தேன். மூன்று பெயரை ஏற்றலாம், மற்றது வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

லங்காட்பையன் · சனி, இரவு 10:05

சாயம் பூசி முடித்தாயிற்று, வெள்ளையில் கறுப்பு எண். அக்காவும் தோழியும் பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து லெவல் எடுத்து வந்தார்கள், வழியில் நாய் துரத்தியதால் ஒரு நிலையை இரண்டாவது முறை எடுக்க வேண்டியதாயிற்று. கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால் நாளைக்கு அளப்பது எங்கள் புத்தகத்துக்கு மட்டும்.

நாளை பௌர்ணமி. காலை 7-க்குப் படகு கிளம்பும். கோலை யார் படிப்பது என்று இன்னும் பேசவில்லையே?

பழையகிராணி · ஞாயிறு, காலை 6:42

5:40, 7 அடி 11 அங்குலம்.
6:10, 8 அடி 6 அங்குலம்.
6:40, 8 அடி 8 அங்குலம். தண்ணீர் நின்றுவிட்டது, இலை அசையாமல் கிடக்கிறது.

லொம்போக் தம்பி டார்ச் பிடிக்கிறார், நான் எழுதுகிறேன். கிள்ளானில் 6 மணி. படகு எங்கே?